வெயிலில் தனியே 1,200 கிலோமீட்டர்: ஒரு கழித்தல் கணக்கு சொன்ன பாடம்

சித்திரை பிறந்துவிட்டால் நம் சங்கத்தில் வேறு பேச்சே இருக்காது. "ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா?" என்பதுதான் முதல் விசாரிப்பு. பள்ளி விடுமுறை, கோயில் திருவிழா, வைகாசி முகூர்த்தம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். நாக்பூர் வழியாகச் சென்னை செல்லும் ரயில்களில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அப்போது வீட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞனுக்கு ஒரு யோசனை தோன்றும்: "வண்டியிலேயே போய்விட்டால் என்ன?"

இந்த ஆண்டு அது என் மகனுக்குத் தோன்றியிருக்கிறது. 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் எனக்குத் தோன்றியது. அப்போது எனக்கு வயது 26. தங்கையின் கல்யாணம். டிக்கெட் கிடைக்கவில்லை என்று நண்பர்களிடம் சொன்னேன். உண்மைக் காரணம் அதுவல்ல; தனியாக ஒரு நெடும்பயணம் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. ஊரில் அம்மாவுக்கு நான் வண்டியில் வருவதே தெரியாது.

அந்தப் பயணத்தில் நான் கற்றதை நம் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். வீரக்கதையாக இதைப் படிக்க வேண்டாம். இது பெரும்பாலும் என் தவறுகளின் கணக்கு.

புறப்பட்ட விதம்

நாக்பூரிலிருந்து ஐதராபாத், விஜயவாடா, நெல்லூர் வழியாகச் சென்னை சுமார் 1,200 கிலோமீட்டர். என்னிடம் இருந்தது 100 சி.சி. வண்டி. நாளுக்கு 400 கிலோமீட்டர், மூன்று நாளில் சென்னை என்று திட்டம் போட்டேன். தூரத்தைக் கணக்கிட்டேனே தவிர வெயிலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் ஊரில் கத்திரி என்று சொல்கிறோம். பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை. விதர்ப்பத்தில் 'நவதபா' என்பார்கள்; சூரியன் ரோகிணியில் புகும் மே 25 முதல் ஒன்பது நாள். நான் புறப்பட்ட நாள் இரண்டுக்கும் பொதுவான நாள். அந்த நாட்களில் நாக்பூரில் 44, 45 டிகிரி என்பது யாருக்கும் ஆச்சரியமான செய்தி அல்ல.

வீட்டுக்காரக் காகூ என் சட்டைப் பையில் ஒரு வெங்காயத்தைப் போட்டு, "பத்து மணிக்கு மேல் ஓட்டாதே" என்றார். விதர்ப்பத்தில் இது பழைய நம்பிக்கை. பையில் இருக்கும் வெங்காயம் வெயிலைத் தடுக்காது. ஆனால் அதோடு சேர்த்து அவர் சொன்ன வார்த்தை தடுத்திருக்கும். நான் வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன், வார்த்தையை விட்டுவிட்டேன்.

நண்பர்கள் வழியனுப்ப வந்தார்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது மணி எட்டரை. வயிற்றில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். உடம்பில் அரைக்கைச் சட்டை. பையில் ஒரு லிட்டர் தண்ணீர். ஹிங்கன்காட் வரைக்கும் காற்று சுகமாகத்தான் இருந்தது.

ஒரு கழித்தல் கணக்கு

எனக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பெட்ரோல் கணக்குக்காகச் சிறிய நோட்டு ஒன்றில் மீட்டர் எண்ணைக் குறித்துவைப்பேன். புறப்படும்போது எழுதியது 11,240.

பாண்டர்கவடா தாண்டியபோது மணி ஒன்றை நெருங்கியது. இரண்டு பக்கமும் பருத்தி பறித்து முடிந்த கரிசல் நிலம், வெடித்துக் கிடந்தது. தண்ணீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. 'அடுத்த ஊரில் நிற்கலாம்' என்று நினைப்பேன். அடுத்த ஊர் வரும். 'இன்னும் ஒரு ஊர்' என்று போய்விடுவேன். தலைவலி இருந்தது. பிறகு அதுகூடத் தெரியவில்லை. கையில் மயிர்க்கூச்செறிந்து லேசாகக் குளிர்வது போல் இருந்தது. 'பரவாயில்லையே, வெயில் பழகிவிட்டது' என்று சந்தோஷப்பட்டேன்.

ஆதிலாபாத் 38 என்று ஒரு மைல்கல். அதன் அருகே வேப்பமரத்தடியில் ஒரு டீக்கடை. வண்டியை நிறுத்தி நோட்டைத் திறந்தேன். மீட்டர் 11,402. அதில் 11,240 போனால் மீதி 162. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. நான் எழுதியது 238. அதில் தவறு இருப்பது எனக்குத் தெரியவே இல்லை.

கடைக்கார அம்மாள் மராத்தியில் ஏதோ கேட்டார். நாக்பூரில் மூன்று ஆண்டு இருந்தவன் நான். மராத்தி நன்றாகவே பேசுவேன். ஆனால் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேனாம். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "பாளா, உட்கார்" என்று கையைப் பிடித்துக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார். 'பாளா' என்றால் குழந்தாய் என்று பொருள். பானைத் தண்ணீரைத் தலையிலும் சட்டையிலும் ஊற்றி, முறத்தால் விசிறினார். நான் தெளிவாக மராத்தியில் என் பெயரைச் சொன்ன பிறகுதான் குடிக்கக் கொடுத்தார்: சுட்ட மாங்காயை வெல்லமும் உப்பும் சேர்த்துக் கரைத்த பன்ஹே.

அவருடைய கணவர் காலி லாரி ஒன்றை நிறுத்தி, என்னையும் வண்டியையும் ஆதிலாபாத்துக்கு ஏற்றி அனுப்பினார். அங்கே ஒரு டாக்டர் சலைன் ஏற்றினார். "இன்னும் அரை மணி ஓட்டியிருந்தால் லாரிக்கு அடியில்தான் உன்னைத் தேடியிருப்பார்கள்" என்றார். மறுநாள் முழுதும் லாட்ஜில் படுத்துக் கிடந்தேன். அப்போதுதான் நோட்டைப் புரட்டி அந்த 238ஐப் பார்த்தேன். உடம்பு நடுங்கிவிட்டது.

அந்த எண்தான் இந்தக் கட்டுரையின் பாடம். வெயில் நம் உடம்பைத் தாக்கும் முன் நம் புத்தியைத் தாக்குகிறது. நிற்பதா, போவதா என்று தீர்மானிக்கும் அறிவே முதலில் மழுங்குகிறது. இருவர் போனால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கலாம். தனியே போகிறவனுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே எங்கே நிற்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற முடிவுகளை வீட்டிலேயே எழுதிவைத்து, வழியில் அவற்றுக்குக் கீழ்ப்படிய வேண்டும்.

காற்று எப்போது எதிரியாகிறது?

'வண்டி ஓடும்போது காற்று அடிக்குமே, பிறகென்ன வெயில்?' என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் நம் சூட்டை எடுத்துச் செல்லும். காற்றே 44 டிகிரியாக இருந்தால், அது தன் சூட்டை நமக்குக் கொடுக்கும். அப்போது வேகமாகப் போகப் போக, திறந்த தோலில் ஏறும் சூடும் அதிகம். வடைச் சட்டியின் ஆவியை விசிறியால் நம் மேலேயே வீசிக்கொள்வது போல.

அந்த நிலையில் உடம்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலில் முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நம் வீட்டு மண்பானை குளிர்வதும், நாக்பூர் வீடுகளில் வெட்டிவேர்த் தட்டி வைத்த கூலர் குளிர்விப்பதும் இதே விதியால்தான். ஆனால் வறண்ட காற்றில் ஓடும் வண்டியில் வியர்வை தோன்றிய கணமே காய்ந்துவிடும். நெற்றியில் ஈரம் தெரியாது. 'எனக்கு வியர்க்கவே இல்லை' என்று எண்ணிக்கொண்டே மணிக்கு ஒரு லிட்டர் வரை இழந்துகொண்டிருப்போம். சட்டையில் படியும் வெள்ளை உப்புக் கோடுதான் சாட்சி.

ஆகவே வெயிலில் உடம்பைத் திறந்து வைப்பது தவறு, மூடிக்கொள்வதே சரி. உள்ளே பருத்திப் பனியனைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே வெளிர் நிற முழுக்கை மேலங்கியைச் சற்றுக் காற்றுப் புகும்படி அணிய வேண்டும். கழுத்தில் ஈரத்துண்டு, கையுறை, ஷூ. ஹெல்மெட்டைச் சூடு என்று கழற்றவே கூடாது. உள்ளே மெல்லிய ஈரத்துணி கட்டிக்கொள்ளலாம். விதர்ப்பத்தில் பெண்கள் முகம் முழுதும் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கிண்டல் செய்தவன் நான். ஆதிலாபாத் கடைத்தெருவில் முதல் வேலையாகப் பெரிய துண்டு ஒன்று வாங்கினேன்.

தண்ணீரும் உப்பும்

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு டம்ளராவது குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தாலும் ஆபத்துதான். வியர்வையில் போன உப்பு திரும்பாததால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு முழு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைப்பது பெரும் தவறு. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்தது. நீர்மோர், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவையே. மதுவைத் தொடவே கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று பொருள்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் உடம்பின் நீரை வெளியேற்றும். ஜலதோஷத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும், தூக்கமும் தரும்.

மீதிப் பயணம்

மூன்றாம் நாள் விடியும்போது ஆதிலாபாத்தை விட்டேன். இம்முறை நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தேன். பத்தரைக்கு மேல் ஓட்டுவதில்லை. மாலை ஐந்துக்கு முன் தொடங்குவதில்லை. இருட்டிய பின் ஓட்டுவதில்லை. சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணியை ஒட்டி என்றாலும், தரையும் காற்றும் மிகச் சூடாவது இரண்டரை முதல் நான்கு வரை. மதியச் சாப்பாட்டை முடித்து 'இனி வெயில் இறங்கும்' என்று கிளம்புகிறவன் அதன் உச்சியில்தான் கிளம்புகிறான்.

ஒவ்வொரு முறை நிறுத்தியபோதும் மீட்டர் எண், நேரம், குடித்த தண்ணீர் மூன்றையும் எழுதினேன். முந்தைய எண்ணைக் கழித்து விடை போட்டேன். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன். விடை தடுமாறினால் வண்டி அங்கேயே நிற்கும் என்பது எனக்கு நானே போட்ட சட்டம். நிர்மல் தாண்டிக் காமாரெட்டியில் அன்றிரவு. அடுத்த நாள் ஐதராபாத்தைக் கடந்து சூரியாப்பேட்டை. அதற்கடுத்த நாள் விஜயவாடா வழியாகக் குண்டூர்.

கிருஷ்ணா நதியைத் தாண்டியதும் வெயிலின் குணம் மாறியது. கடலோரத்தில் வெப்பமானி நாக்பூரைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். வழிந்து போகும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. மழைநாளில் மண்பானைத் தண்ணீர் குளிராததைப் போலத்தான். ஈரப் பனியன் அங்கே அதிகம் உதவாது. நிழலும் ஓய்வும்தான் மருந்து. 'நாக்பூர் 45ஐப் பார்த்தவன், நெல்லூர் 40 என்ன செய்யும்?' என்று நினைப்பவர் ஏமாந்துபோவார்.

இந்த வழியின் வெயிலை அற்பமாக எண்ண வேண்டாம். 2015ஆம் ஆண்டு மே மாத வெப்ப அலையில் நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பகுதி ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும். நான் பயணம் செய்த அதே 1998 கோடையில் ஒடிசாவில் மட்டும் இரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டனர்.

வண்டிக்கும் வெயில் உண்டு

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் 28 பவுண்டு இருந்த டயர் ஓடி 60 டிகிரியானால் 32 காட்டும். அதைக் கண்டு பயந்து காற்றை இறக்கிவிட்டால், டயர் அதிகம் நசுங்கி இன்னும் சூடேறும். பெட்ரோலும் சூட்டில் விரியும். 10 லிட்டர் 20 டிகிரி கூடினால் சுமார் 200 மில்லி விரிவடையும். எனவே விளிம்பு வரை நிரப்பி வெயிலில் நிறுத்தக் கூடாது. காற்றால் குளிரும் எஞ்சினை நின்ற இடத்தில் சும்மா ஓடவிடக் கூடாது. புறப்படுமுன் ஆயில் மாற்றிச் செயினுக்கு எண்ணெய் விட்டுவிட வேண்டும். இன்னொன்று: கானல் நீர் எதிரே வரும் வண்டியின் கீழ்ப்பாதியை மறைத்து, தூரத்தைத் தவறாகக் காட்டும். உச்சி வெயிலில் முந்துவதற்கு அவசரப்பட வேண்டாம்.

அடையாளம் கண்டால்

தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை முதல் எச்சரிக்கை. உடனே நிழல், ஓய்வு, உப்பு கலந்த நீர். அன்றைய ஓட்டம் அதோடு சரி. பேச்சுக் குழறல், குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு, நினைவு தப்புதல் என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றால்தான் ஸ்ட்ரோக் என்று நினைக்காதீர்கள், வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரலாம். ஆடையைத் தளர்த்தி உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வைக்க வேண்டும். குழப்பத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. 108 அல்லது 112ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

மகனிடம் கொடுத்தது

ஏழாம் நாள், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அம்மா வண்டியைப் பார்த்தார், என் கறுத்த முகத்தைப் பார்த்தார். "வந்து சேர்ந்தியே, அது போதும்" என்றார். பிறகு அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. கல்யாணம் முடிந்து வண்டியை ரயிலில் பார்சல் போட்டு நாக்பூர் திரும்பினேன். சில மாதம் கழித்து அந்த டீக்கடைக்குப் போனேன். அந்த அம்மாள் என்னை மறக்கவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டார்.

இன்று அந்தச் சாலை நான்கு வழி. 7ஆம் எண் நெடுஞ்சாலை இப்போது 44. கையில் செல்போன் இருக்கிறது, வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஆனால் மனித உடம்பு மாறவில்லை, வெயிலும் குறையவில்லை. நல்ல சாலை ஒரு விதத்தில் ஆபத்து, நிற்கத் தோன்றுவதில்லை.

மகனிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவனும் என்னைப் போல் சொல்லாமல் போவான். டிசம்பரில் போயேன் என்று கேட்டுப் பார்த்தேன். லீவு மே மாதத்தில்தானாம். "சரி, ஆறு நாள் எடுத்துக்கொள். எங்கே தங்குவாய் என்று எழுதிக் கொடு. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் போன் செய்" என்றேன். "போனில் என்னப்பா சொல்லணும்?" என்றான்.

பழைய நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "162 தானே வரணும்?" என்றான்.

"ஆமாம். மீட்டர் எண்ணைச் சொல்லு, கழித்து விடையைச் சொல்லு. அது போதும். தப்பாக வந்தால் நான் நில் என்பேன். ஏன் என்று கேட்காமல் நிற்க வேண்டும்."

சரி என்று தலையாட்டினான். புதிய நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் அந்த மூன்று வரிகளை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு இந்த ஆசை வந்தால், தடுப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அவன் போன் செய்யும்போது கணக்கைச் சரிபார்க்க வீட்டில் ஒருவர் காத்திருங்கள்.